ஸ்கூல் பிரெட்டும் போடி ஏலக்காயும்

எப்காட் பூங்காவுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். வாணவேடிக்கை, படகுச் சவாரி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வீடு திரும்பிய பிறகும் நாக்கை விட்டுப் போகாதது நார்வே அரங்கில் விற்கும் ஒரு பன்தான். பெயர் ஸ்கூல் பிரெட். உள்ளங்கையை நிறைக்கும் அளவு. ஏலக்காய் போட்ட மெத்தென்ற மாவு, நடுவில் வனிலா கஸ்டர்ட், மேலே வெள்ளை ஐசிங், அதன் மேல் பொன்னிறமாக வறுத்த தேங்காய்த் துருவல்.

எப்காட் என்பது ஃப்ளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1982இல் திறந்த பூங்கா. அதன் ஒரு பகுதியில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. கடைசியாக 1988இல் வந்து சேர்ந்தது நார்வே. பழைய மரத் தேவாலயம் ஒன்றின் மாதிரியை அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அரங்கிலேயே இருக்கும் க்ரிங்லா என்ற பேக்கரியில்தான் இந்த பன் கிடைக்கும்.

போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஏரியைப் பாதி சுற்றுவதற்குள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு ஸ்கூல் பிரெட் வாங்கிக் கையில் கொடுத்தேன். பிய்த்து வாயில் போடும் முன்பே நிறுத்தி, "ஏலக்காய்டி!" என்றார். அம்மா போடிநாயக்கனூர்க்காரர். தாத்தா அங்கே ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் சட்டையே மணக்கும் என்று அம்மா சொல்வார். "இவங்க ஊர் பன்னுல இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். சரி, இதை வீட்டில் செய்தே ஆவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இணையத்தில் தேடினால் 'டிஸ்னியின் ரகசியச் செய்முறை' என்று எத்தனையோ வருகின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். கடையில் விற்கும் உறைந்த பன் மாவு, பாலில் கலக்கினால் உடனே கெட்டியாகும் வனிலா புட்டிங் பொட்டலம், டப்பாவில் அடைத்த ஏலக்காய்த் தூள் கால் டீஸ்பூன். அப்படியே ஒரு முறை செய்தேன். பார்வைக்கு அச்சு அசலாக இருந்தது. அம்மா ஒன்று சாப்பிட்டார். இரண்டாவதற்குக் கை நீட்டவில்லை.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இந்தப் பண்டத்தில் ரகசியமே கிடையாது. இது நார்வேயில் வீட்டிலும் ஊர் பேக்கரியிலும் காலங்காலமாகச் சுடும் ரொட்டி. அவர்கள் பேச்சில் ஸ்கூலெப்ரோ, சில இடங்களில் ஸ்கூலெபொல்லெ. பள்ளிக்கூட ரொட்டி என்றுதான் அர்த்தம். பூங்கா அதை அங்கிருந்துதான் கொண்டுவந்தது. அப்படியிருக்க, பூங்காவைப் பார்த்து நாம் ஏன் நகல் எடுக்க வேண்டும்? அந்தப் பூங்கா எந்த அடுப்படியைப் பார்த்துக் கற்றதோ, நாமும் அங்கேயே போய்க் கற்கலாமே!

எல்லாப் பூங்காப் பண்டத்துக்கும் இது பொருந்தாது. டோல் விப் என்ற அன்னாசி ஐஸ்கிரீம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் பூங்காக்கள் மூடிக் கிடந்தபோது டிஸ்னியே அதற்கு ஒரு வீட்டுச் செய்முறை வெளியிட்டது. உறைந்த அன்னாசித் துண்டுகள், அன்னாசிச் சாறு, கொஞ்சம் வனிலா ஐஸ்கிரீம். மிக்ஸியில் அடித்தால் முடிந்தது. குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் கடையில் கோபுரம் போல் சுற்றி நிற்கும் அந்தப் பதம் வராது. அது குளிரவைத்துக்கொண்டே காற்றையும் சேர்த்து அடிக்கும் இயந்திரத்தில் உருவாவது. மிக்ஸிக்கு அந்த வேலை தெரியாது. ஸ்கூல் பிரெட் அப்படியில்லை. கையும் அடுப்பும் போதும். அதனால்தான் அதைப் பொட்டலத்தை நம்பிச் செய்யச் சொல்வது எனக்கு மனது ஒப்பவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் நார்வேக்காரப் பெண்மணி ஒருவரிடம் கேட்டேன். அவர் முதலில் சொன்னது ஏலக்காயைப் பற்றித்தான். தூள் வாங்காதே, விதையை எடுத்து நீயே இடி, நைசாக இடிக்காதே, பல்லில் ஒன்றிரண்டு கடிபட வேண்டும். அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நான் சொன்னா கேக்க மாட்டே" என்று உடனே கல் உரலை எடுத்துவிட்டார்.

ஏலக்காயின் மணம் முழுக்க அதன் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெய் எளிதில் ஆவியாகிவிடும். தோலுக்குள் இருக்கும் வரை பத்திரம். இடித்த நிமிடத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த தூளில் என்ன மிஞ்சியிருக்கும்? மேற்குத் தொடர்ச்சி மலைதான் ஏலக்காய்க்குத் தாய்வீடு. இன்று உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்புவது குவாத்தமாலா. நார்வேயில் ஒரு செடிகூட விளையாது. ஆனாலும் அவர்களும் ஸ்வீடன், பின்லாந்து மக்களும் இனிப்பு ரொட்டி என்றாலே ஏலக்காய் போடுகிறார்கள். இதைக் கேட்டு அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஊருக்கு போன் போட்டுச் சித்தியிடமும் சொன்னார்.

நான் இப்போது செய்யும் முறை இதுதான். மைதா அரைக் கிலோ, சர்க்கரை 80 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, இருபது ஏலக்காயின் விதை கொரகொரப்பாக இடித்தது. இதில் வெதுவெதுப்பான பால் 250 மில்லி, ஒரு முட்டை சேர்த்துப் பிசைந்து, மாவு ஒன்றுசேர்ந்த பிறகு மிருதுவான வெண்ணெய் 75 கிராம். பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். முதலில் கையெல்லாம் ஒட்டும். பயந்துபோய் இன்னும் மாவு தூவாதீர்கள், பன் கட்டையாகிவிடும். சர்க்கரையும் வெண்ணெயும் இருப்பதால் உப்புவதற்குச் சாதா ரொட்டியைவிட நேரம் ஆகும். இரண்டு மடங்காகும் வரை பொறுமை வேண்டும்.

அது உப்புகிற நேரத்தில் கஸ்டர்ட். பால் 300 மில்லி, மூன்று மஞ்சள் கரு, சர்க்கரை 60 கிராம், கார்ன்ஃப்ளோர் 25 கிராம், வனிலா. மஞ்சள் கரு, சர்க்கரை, கார்ன்ஃப்ளோரைக் கட்டியில்லாமல் கலந்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, திரும்ப அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். கெட்டியானதும் இறக்கிவிடத் தோன்றும். இறக்காதீர்கள். குமிழி விட்டு ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அடங்கும். இல்லாவிட்டால் கெட்டியாக இருந்த கஸ்டர்ட் ஆறிய பிறகு தண்ணீராய் இளகிவிடும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகி, காரணம் தெரியாமல் முட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வனிலாவை இறக்கிய பிறகு சேர்த்தால் போதும்.

மாவைப் பன்னிரண்டு உருண்டையாக்கித் தட்டில் வைத்து மறுபடி முக்கால் மணி நேரம் உப்பவிட்டு, சின்ன டம்ளரின் அடிப்பாகத்தால் நடுவில் ஆழமாக அழுத்துங்கள். அடி தட்டில் படுகிற அளவுக்கு அழுத்த வேண்டும். மேலோட்டமாக அழுத்தினால் வேகும்போது மாவு எழும்பிக் கஸ்டர்டை வெளியே தள்ளிவிடும். பள்ளத்தில் ஆறிய கஸ்டர்டை வைத்து, ஓரத்தில் முட்டை தடவி, 200 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம்.

நன்றாக ஆறிய பிறகுதான் ஐசிங். பொடித்த சர்க்கரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கலக்கி, கஸ்டர்டைச் சுற்றி வட்டமாகத் தடவி, அந்த ஈரத்திலேயே தேங்காயில் கவிழ்த்து எடுக்க வேண்டும். தேங்காய் மட்டும் கடையில் விற்கும் உலர்ந்த துருவலாக இருக்கட்டும். பச்சைத் தேங்காயில் அம்மா ஒரு முறை செய்தார், ஐசிங் நீர்விட்டு வழிந்தது. கொப்பரையில் எண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தது. நார்வேக்காரர்கள் வெள்ளையாகவே தூவுவார்களாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பூங்கா பக்கம். லேசாக வறுத்தால் தேங்காய்க்குத் தனி ருசி.

கஸ்டர்ட் இருப்பதால் மிச்சத்தை வெளியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் பத்து விநாடி மட்டும் மைக்ரோவேவில் சூடாக்கினால் போதும், பன் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். ஏலக்காய் வாங்கும்போது ஒன்றை உரித்துப் பாருங்கள். விதை கருப்பாகவும் லேசான பிசுபிசுப்போடும் இருந்தால் வாங்கலாம். பழுப்பாகி வறண்டு உதிர்ந்தால் வேண்டாம். அம்மா இந்த முறை கால் கிலோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் தருகிறேன்.