வாளிக்கும் மாபெரும், பந்தலுக்கும் பிரமாண்டம்!

காலையில் ஆறு மணியாகவில்லை, ஒழுங்கைக்குள் ஓட்டோ வந்துவிட்டது. மேலே ஸ்பீக்கர். “மாபெரும் மலிவு விற்பனை! மாபெரும் மலிவு விற்பனை!” எழும்பிப் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் வாளியும் கதிரையும். வயிறு பற்றி எரிகிறது எனக்கு.

மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன் நான். 11 வருஷமாக இந்தச் சொல்லைத்தான் அடிக்கிறேன். நாலு அணி ஒரு பகலில் விளையாடி முடிக்கிற கிரிக்கெட்டுக்கு மாபெரும். கோயில் வீதி கூட்டுகிற சிரமதானத்துக்கும் மாபெரும். போன கிழமை ஒரு தம்பி மகளின் சாமத்தியச் சடங்கு அழைப்பிதழோடு வந்து நின்றார். “அண்ணே, மாபெரும் எண்டு போடுங்க.” வீட்டு விசேஷத்துக்கு எதற்கு என்றேன். “போடாட்டி ஆக்கள் மதிக்க மாட்டாங்க.” இரத்தம் கொதித்தது. அடித்துக் கொடுத்தேன்.

‘மா’ என்றாலே பெரிய. மாமன்னன், மாநகர். ‘பெரும்’ என்றாலும் அதே பொருள். ஒரு சொல் போதாத இடத்துக்கென்று இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். அப்படிப்பட்ட இடம் வருஷத்தில் எத்தனை தடவை வரும்? இப்போது அதுவும் போதாதாம், “மாபெரும் பிரமாண்டமான திறப்பு விழா” வேண்டுமாம். பிரமாண்டம் என்றால் பிரம்மாவின் அண்டம். அண்டம் என்றால் முட்டை. உலகமெல்லாம் அடங்கிக் கிடக்கிற முட்டை! அதை ஒரு புடைவைக்கடை வாசலில் போட்ட இருபதடிப் பந்தலுக்குக் கொண்டுவந்து கட்டுகிறார்கள்.

பள்ளிக்கூடமும் விட்டுவைக்கவில்லை. என் மகள் கட்டுரையில் “எங்கள் வாவி பெரியது” என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டி “பிரமாண்டமானது” என்று திருத்தியிருக்கிறார். 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி அது. கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்த பிள்ளைக்குப் ‘பெரியது’ என்ற சொல்லே நெஞ்சு நிறைய வந்திருக்கிறது. அதை ஏன் வெட்டுகிறீர்கள்? சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதிக்கு மட்டும் ஆறு உரிச்சொல் பாடமாக்கிய ஆட்கள் நாங்கள். வாயில் ‘பென்னம்பெரிய’ என்று அழகான சொல் ஒன்று இருக்கிறது. அதை எந்த நோட்டீஸிலும் நான் கண்டதில்லை. அம்பாறைப் பக்கம் போனால் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கத்துக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயர். கரையில் நின்றால் சமுத்திரம் என்ற சொல் பொய்யில்லை என்று தெரியும்.

1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி அம்மாவிடம் கேட்டால், “பெரிய காத்து மனே” என்பார். மறுகா பேச மாட்டார். 2004 டிசம்பர் 26ஐ நாவலடியில் கண்ட சனத்திடம் கேளுங்கள், “கடல் வந்திட்டு” என்பார்கள். அவ்வளவுதான். அந்தக் காற்றையும் அந்தக் கடலையும் பற்றி என் மகள் ஒருநாள் எழுதத்தான் போகிறாள். அதற்கென்று ஒரு சொல்லையாவது மிச்சம் வையுங்கள். வாளிக்கும் கதிரைக்கும் கொட்டித் தீர்க்காதீர்கள்.

நாளைக்கு ஒரு பேனர் ஓடர் இருக்கிறது. ‘மாபெரும்’ கேட்டால் இந்த முறை அடிக்க மாட்டேன். வேறு அச்சகம் பார்க்கட்டும்.