எந்த நெட் நல்லது என்று கேட்பவர்களுக்கு

இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, வீட்டுக்கு எந்த நெட் போடலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை வலிக்கிறது, இங்கேயே கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். அவசரக்காரர்களுக்கு மட்டும் முதலிலேயே பதில்: உங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எந்த நெட் இருக்கிறதோ அதைப் போடுங்கள். ஏன் என்று தெரிய வேண்டியவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

நான் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறவன். சென்னையில் சேலையூர்ப் பக்கம் இருபது சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். எனக்கு மாதத்தில் இரண்டே தேதிதான், 11, 20. பதினொன்றுக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கு, இருபதுக்குள் 3பி என்கிற வரி கட்டும் படிவம். போன நவம்பரில் 9ஆம் தேதி ராத்திரி எங்கள் வீட்டு நெட் போனது. திரும்பி வந்தது 20ஆம் தேதி சாயங்காலம். சொல்லி வைத்த மாதிரி.

டிவி ஸ்டாண்டில் இருக்கும் வெள்ளைப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டினால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. ஒயர் வழியாக ஒளி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பெட்டியை அணைத்துப் போடுவதெல்லாம் அப்போது வெறும் மன ஆறுதல். ஆனால் கஸ்டமர் கேரில் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வார்கள். நாமும் பயபக்தியோடு செய்துவிட்டு "இன்னும் சிவப்புதாங்க" என்போம். அப்புறம்தான் புகார் எண் தருவார்கள்.

எனக்கும் தந்தார்கள். 24 மணி நேரத்தில் சரியாகும் என்று மெசேஜ் வந்தது. மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொரு மெசேஜ். விளக்கு சிவப்பாகவே இருந்தது. மறுபடி புகார். மூன்றாம் நாள் ஒரு பையன் போன் செய்தார்.

"சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"எதுக்குப்பா?"

"டிக்கெட் க்ளோஸ் பண்ணணும் சார். லேட்டானா எனக்கு ஃபைன் போட்டுருவாங்க. நாளைக்குக் காலைல கண்டிப்பா வந்து பாத்துடறேன்."

குரலைக் கேட்கப் பாவமாக இருந்தது. சொல்லிவிட்டேன். காலையும் வந்தது, மாலையும் வந்தது, இரண்டாவது "தீர்க்கப்பட்டது" மெசேஜும் வந்தது, அவர் வரவில்லை. கம்பெனியின் கணக்கில் என் வீட்டு நெட் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் கடைக்காரர்களின் பில்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கினால் டவர் கிடைக்காது. விளக்கு பச்சையாகும் வரை அந்த ஓடிபியை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். ஒரு காபி வேண்டுமானால் போட்டுக் கொடுங்கள்.

ஆறாம் நாள் வேறொருவர் வந்தார். ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, கையடக்கமான ஒரு மீட்டரில் செருகிக் காட்டினார். மைனஸ் 29 டிபிஎம். இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வரும் ஒளியின் பலம் பொதுவாக மைனஸ் 15க்கும் 25க்கும் நடுவில் இருக்க வேண்டும். 27ஐத் தாண்டினால் பெட்டி திணறும். மைனஸ் எண் பத்து கூடினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம், ஆகவே 19க்கும் 29க்கும் நடுவில் இருப்பது பத்து மடங்கு வித்தியாசம். தெருவுக்கு வரும் ஒற்றை இழையைக் கம்பத்தில் ஒரு டப்பாவில் எட்டாக, பதினாறாகப் பிரித்துத்தான் வீடுகளுக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு ஒட்டிலும், ஆணியில் மடக்கிக் கட்டிய ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

"கம்பத்துலேர்ந்து ஒயரை மாத்தணும் சார். கேபிள் ஸ்டாக் இல்ல" என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார். 20ஆம் தேதிதான் ஸ்டாக் வந்தது. புது ஒயர் இழுத்து மாட்ட ஆன நேரம் நாற்பது நிமிடம். கழற்றிய பழைய ஒயரில் ஒரு துண்டை வெட்டி என் கையில் கொடுத்தார்கள். கறுப்பு உறையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம், உள்ளே வெள்ளையாக இழை தெரிந்தது. அணில். 2021இல் மின்துறை அமைச்சர் மின்வெட்டுக்கு அணிலைக் காரணம் சொன்னபோது ஊரே சிரித்தது, மீம் போட்டது. நானும் இரண்டு பகிர்ந்தேன். அந்தத் துண்டு இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது.

எந்தக் கம்பெனி என்று கமென்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நல்லது என்று நினைத்துக்கொள்வீர்கள். இதே கம்பெனி எனக்கு முதல் மூன்று மாதம் தங்கமாக இருந்தது. நெட் போனால் இரண்டு மணி நேரத்தில் ஒரு தம்பி பைக்கில் ஏணியோடு வந்து நிற்பார். நாலாம் மாதம் அவர் வருவது நின்றது. அவரை வேலைக்கு வைத்திருந்த காண்டிராக்டர் இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை, அவர் வேறு இடம் போய்விட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கம்பெனி அதேதான், ஒயரும் அதேதான், பில்லும் குறையவில்லை. கம்பத்தில் ஏறும் ஆள் போய்விட்டார்.

விளம்பரத்தில் வருவது கம்பெனி. நம் வீட்டுக்கு வருவது ஏரியா காண்டிராக்டரின் இரண்டு பையன்களும் ஒரு ஏணியும். இந்தத் தெருவில் நாறுகிற கம்பெனி பக்கத்துத் தெருவில் மணக்கும். அதனால்தான் முகநூலில் "எந்த நெட் நல்லது" என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. கோவையில் இருப்பவர் ஒன்றைப் புகழ்வார், மதுரையில் இருப்பவர் அதையே திட்டுவார், இரண்டு பேர் சொல்வதும் நிஜமாக இருக்கும்.

அடுத்த கனெக்‌ஷனுக்கு நான் செய்தது தெருவில் நடந்ததுதான். நெட் போனால் கல்லாவே நின்றுபோகிறவர்களிடம் போய்க் கேட்டேன். ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், ரத்தப் பரிசோதனை லேப். "நெட் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "பரவால்ல" என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. "கடைசியா எப்ப போச்சு? எத்தனை மணி நேரத்துல வந்துச்சு? யார் வந்து பாத்தாங்க?" என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து தண்ணீர் வடிந்த பிறகு, யார் வீட்டு நெட் முதலில் வந்தது? எதிர் வீட்டு அக்கா யோசிக்காமல் பதில் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரரும் அதே பெயரைத்தான் சொன்னார். போதாததற்கு, அந்தக் கனெக்‌ஷனுக்கு லைன் பார்ப்பவர் யார் என்று விசாரித்தால், நம்ம பழைய தம்பி! பெரிய ஆராய்ச்சி செய்து கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். நான் போனது அந்தத் தம்பி பின்னால்.

உள்ளூர் கேபிள்காரர் நடத்தும் நெட்டைப் பற்றியும் கேட்டார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவார், அது உண்மை. சில இடங்களில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தால் வேகம் படுத்துவிடும், அதுவும் உண்மை. சேருவதற்கு முன் அவரிடம் நெட் எடுத்திருக்கும் ஒருவர் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். வீட்டுக்குள் ஒளி வரும் ஃபைபர் ஒயரே வருகிறதா, கீழே ஒரு பெட்டி வைத்து அதிலிருந்து சாதா லேன் ஒயர் வருகிறதா? அந்தப் பெட்டிக்குக் கரன்ட் வேண்டும். கரன்ட் போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் போய்விடும்.

சரி, வேகம். முதல் கேள்வியாக எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 2004இல் அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தபோது 256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். அது 2 எம்பிபிஎஸ் வரை உயர்ந்தது 2023இல்தான். பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் காலத்தில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கில்லை என்று ஒரு பிளான் இருந்தது, அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டுப் படுத்தவன் நான். அந்தப் பசியில் வளர்ந்ததாலோ என்னவோ, 300, 500 என்று எண்ணைப் பார்த்தாலே நமக்குக் கை பரபரக்கிறது. ஹெச்டியில் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு திரையில் உட்கார்ந்தாலும் 50 தாராளம்.

பாதி வீடுகளில் வேகக் குறைவுக்குக் காரணம் இலவசமாகக் கொடுக்கும் பெட்டி. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள ஒற்றை பேண்ட் பெட்டி என்றால், 100 பிளானுக்குக் காசு கட்டி 30, 40 வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில்தான் முட்டி மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள டூயல் பேண்ட் கேட்டு வாங்குங்கள், அதை வீட்டின் நடுவில் வையுங்கள். என் மைத்துனர் வீட்டில் பூஜை அறையில் வைத்திருக்கிறார், பெட்ரூமில் வரவில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறார். கனெக்‌ஷனை மாற்றுவதற்கு முன் லேப்டாப்பை லேன் ஒயரில் மாட்டி ஒருமுறை வேகம் பாருங்கள். ஒயரில் சரியாக வந்தால் கோளாறு நம் வீட்டுக்குள். கம்பெனி மாறினாலும் அது கூடவே வரும்.

இனி காசு. விளம்பரத்தில் 499 என்றிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589. கணக்கு பார்க்கிற நானே ஏமாந்த இடம் இதல்ல, வருடச் சந்தா. பத்து மாதக் காசு கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள், 5,888 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். நாலாம் மாதம் தம்பி போனார். மீதி எட்டு மாதக் காசும் அங்கே மாட்டிக்கொண்டது, அதனால்தான் பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இப்போது மாதாமாதம்தான் கட்டுகிறேன். வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுதல். இந்தத் தம்பியும் ஒருநாள் வேறெங்காவது போவார், நாமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும்.

மொபைலில் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுக்க வந்துவிட்டது. வீட்டு நெட்டுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. பழையதை வெட்டிவிட்டுப் புதியதற்குச் சொன்னால் நடுவில் ஒரு வாரம் அம்போதான். புதியதைப் போட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மழையும் ஒரு கரன்ட் கட்டும் தாண்டிய பிறகு, பழையதை நிறுத்துங்கள். புதிய ஒயர் மாட்டும்போது மீட்டரைக் காட்டச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மைனஸ் 19 வந்தது. நாளைக்குத் தகராறு வந்தால் காட்ட ஒரு எண் கையில் இருக்கும். பழையதை நிறுத்தச் சொல்லி மெயில் அனுப்புங்கள், போனில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. யுபிஐயில் ஆட்டோபே போட்டிருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். பழுது மூன்று நாளுக்கு மேல் கிடந்தால் மாதக் கட்டணத்தில் கழித்துத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள். கஸ்டமர் கேர் கைவிரித்தால் ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் உண்டு, புகார் எண்ணைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதலாம். நான் எழுதினேன். அந்த இரண்டு "தீர்க்கப்பட்டது" மெசேஜ்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன். மூன்று வாரம் கழித்து, தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் வேலிடிட்டியில் 15 நாள் கூட்டியிருக்கிறோம் என்று பதில் வந்தது. நான் அதற்குள் மாறியிருந்தேன்.

அந்த 15 நாளும் எட்டு மாதமும் இன்னும் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பெட்டியை எடுத்துப்போக வருகிறோம் என்றவர்கள் இன்றுவரை வரவில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கம்பத்துக்கு அவர்கள் புதிதாக இழுத்த ஒயரும் அப்படியே தொங்குகிறது. காலையில் காபியோடு நிற்கும்போது பார்க்கிறேன், அணில் அதில்தான் போய் வருகிறது. என்னுடைய புதிய ஒயர் ஒரு அடி தள்ளி.