மயிர் ஒத்துப்போனால் ஆள் அவர்தானா?

கல்லடியில் எங்கள் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும் ஆவண நாடகத்தைப் பற்றி வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “தடயவியல் நிபுணர் பிழையாகச் சாட்சி சொன்னார் என்பது கட்டுக்கதை. மயிர் ஒத்துப்போனால் ஆள் அவர்தான்.”

அது சரியில்லை. நாடகத்தில் நிபுணராக வரும் பிள்ளை, குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த மயிரிழையையும் சந்தேகநபரின் மயிரிழையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்குமே, உண்மையிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்: நுணுக்குக்காட்டியில் நிறம், தடிப்பு பார்ப்பது. அதே மாதிரி மயிர் இன்னும் எத்தனை பேருக்கு இருக்கும்? அதற்கு யாரிடமும் சரியான கணக்குக் கிடையாது.

தன் நிபுணர்கள் பிழையாகச் சாட்சி சொன்னதை 2015இல் அமெரிக்காவின் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே ஒப்புக்கொண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மயிர்ச் சாட்சி சொல்லப்பட்ட 268 வழக்குகளை மீளாய்வு செய்ததில், 257இல் சாட்சியம் பிழை. அதற்காக 257 பேரும் நிரபராதிகள் என்றில்லை. வேறு சான்றுகளும் இருந்திருக்கலாம். நாடகமும் அப்படிச் சொல்லவில்லை.