யுஏ 16+ என்றால் 14 வயசுப் பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடாதா?

பிள்ளைகளை எந்தப் படத்துக்குக் கூட்டிப்போகலாம் என்ற உங்கள் கட்டுரையில் ‘சான்றிதழைப் பார்த்து முடிவெடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது அவ்வளவு சுலபமில்லை. 2024-ல் வந்த விதிப்படி யுஏ-வை (பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற தணிக்கைச் சான்றிதழ்) வயசு வாரியாக 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள், ஆனால் அது பெற்றோருக்கான யோசனை மட்டும்தான், ‘ஏ’ படம் மாதிரி தியேட்டர்காரர் வாசலில் தடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் போன மாசம் ஒரு போர்ப் படத்துக்கு (16+ தான், தெரிந்தேதான் போனேன்) என் 14 வயசு மகனை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன்.

குண்டு, ரத்தம் எல்லாம் அவனுக்கு ஒன்றுமே இல்லை, செல்போன் விளையாட்டில் தினமும் பார்க்கிறான். ஆனால் பிடிபட்ட ஒருவனைக் கட்டிவைத்து விசாரிக்கிற காட்சி ஏழெட்டு நிமிஷம் ஓடியது, அப்போது கையில் எடுத்த பாப்கார்னை வாயில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏத்தன்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன், பாதி தின்றுவிட்டு, “அப்பா, நம்ம மாமாவும் இப்படிச் செய்வாங்களா?” என்று கேட்டான். என் மச்சான் ராணுவத்தில் இருக்கிறார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சரி, கூட்டிப்போனது தப்பு என்று இப்பவும் நினைக்கவில்லை. ஆனால் முதலில் நான் தனியாகப் பார்த்திருக்கணும். ஓடிடியில் வந்தபிறகு வீட்டில் பார்த்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்திப் பேசியாவது இருக்கலாம், தியேட்டரில் அந்தச் சத்தத்துக்கு நடுவே என்ன பேச?