பந்து பிடிக்கிற பையனுக்குப் பத்துப் பொருத்தம்

டிவியில் பரம எதிரி மிச்சிகனோடு மேட்ச். அமெரிக்காவில், கொலம்பஸில் குடியிருக்கிற ஓஹாயோ ஸ்டேட் கல்லூரி ஃபுட்பால் ரசிகனுக்கு வருஷத்தில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது. தீபாவளியன்று ஆபீஸ் போனவன்கூட நவம்பரின் இந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் முன்பே சமோசாவுக்குச் சொல்லிவைப்பான். இரண்டாவது குவாட்டர், தேர்டு டவுன் (நாலு முயற்சியில் மூன்றாவது), நம் பையன்கள் புள்ளி கிடைக்கிற டச் டவுன் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சத்தத்தை நிறுத்திவிட்டு, போனிலிருந்து எதையோ டிவிக்கு அனுப்புகிறார். "இதை மட்டும் பாருங்கப்பா, நாலே நிமிஷம்."

நாலு நிமிஷத்தில் தொடங்கியது நாலாவது குவாட்டர் வரை போனது. மேட்ச்சில் யார் எப்படி ஆடினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்ததெல்லாம் இன்னும் ஹைஸ்கூல்கூட முடிக்காத ஒரு பதினேழு வயசுப் பையன் பந்து பிடித்ததைத்தான். அதுவும் பதினாறு தடவை. அதில் ஒரே கேட்ச்சை ஆறு தடவை.

இந்தக் கூத்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் ஹைஸ்கூல் பையன்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதற்குப் பெயர் ரெக்ரூட்டிங். டிசம்பர் முதல் வாரத்தில் கையெழுத்து. அதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க, எந்தப் பையன் நமக்கு வேண்டும், எவன் வேண்டாம் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். லைன்மேனைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. 140 கிலோ பையன் இன்னொரு 140 கிலோ பையனைத் தள்ளுவதில் என்ன அழகு இருக்கிறது? சண்டை எல்லாம் எறிகிற பந்தைப் பிடிக்கிற வைடு ரிசீவருக்குத்தான். ஓடுகிறான், தாவுகிறான், ஒற்றைக் கையில் பிடிக்கிறான். பார்க்க சினிமா மாதிரி இருப்பதால் எல்லோரும் நிபுணர்.

அன்றைக்கு பேஸ்மென்ட்டில் நாங்கள் ஏழு பேர். மூன்று பேர் ஒரு ஃப்ளோரிடா பையன் கட்சி, மூன்று பேர் இங்கே பக்கத்து ஊர் ஓஹாயோ பையன் கட்சி. கோச் இரண்டு பேரில் ஒருவனைத்தான் எடுப்பார் என்று இவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

"பையனுக்கு எத்தனை நட்சத்திரம்?" என்றார் மதுரைக்காரர் ஒருவர். ஊரில் அவருடைய அத்தை கேட்கிற அதே தொனி. நான் சிரித்தேன், யாரும் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் சிரிக்க ஒன்றும் இல்லைதான். உயரம் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், கை நீளம் பார்க்கிறார்கள், அப்பா என்ன உயரம், அண்ணன் எங்கே படித்தான் என்று விசாரிக்கிறார்கள். ரஜ்ஜுப் பொருத்தம் ஒன்றுதான் பாக்கி. இந்த நட்சத்திரமும் ஜோசியம்தான், தெரியுமா? பையன்களைத் தரம் பிரிக்கிற 247ஸ்போர்ட்ஸ் என்ற வெப்சைட் வருஷத்துக்குச் சுமார் 32 பேருக்குத்தான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கும். காரணம், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 இடம். அதாவது மூன்று நான்கு வருஷம் கழித்து இவன் முதல் சுற்றில் போவான் என்று ஆருடம் சொல்கிறார்கள். அவர்கள் ஆருடம் என்று தெரிந்தே சொல்கிறார்கள். நம் ஆட்கள்தான் அதை மார்க் ஷீட் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, அந்த நாலு நிமிஷ வீடியோவுக்கு வருவோம். ஹைலைட். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் படம் உறைந்து நிற்கும், நம் பையனைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வரும், டம் டம் என்று பாட்டு. அப்புறம் ஓட்டம், பந்து, கைதட்டல். வீட்டுக்காரர் எழுந்துபோய்த் திரையில் விரல் வைத்துக் காட்டுகிறார்: "இங்க பாரு, இடுப்பை எப்படித் திருப்புறான் பாரு!" நான் எதிரே அவனுக்குக் காவல் நிற்கும் கார்னர்பேக்கைப் பார்த்தேன். ஐந்தரை அடி. ஹெல்மெட் தலையில் கூடை கவிழ்த்த மாதிரி ஆடுகிறது. அவனைத் தாண்டி ஓட நம் பையனுக்கு இடுப்பே தேவையில்லை. "எதிரில் நிற்கிறவன் யாருப்பா?" என்று கேட்டேன். "அது முக்கியமில்லை" என்றார்கள். வேறு எதுதான் முக்கியம்?

இந்த வீடியோவைத் தொகுப்பதே பையனும் அவன் வீட்டாரும்தான். நழுவவிட்ட பந்தை எவனாவது அதில் சேர்ப்பானா? பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்ததும் பாதி வேகத்தில் ஓடியதைச் சேர்ப்பானா? கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பம் எப்படி என்று சொல்கிற கதை.

வேகத்துக்கு வாருங்கள். ஃப்ளோரிடா பையன் 40 யார்டை 4.25 விநாடியில் ஓடினானாம். டிராஃப்ட்டுக்கு முன்னால் வீரர்களைச் சோதித்துப் பார்க்கிற என்.எஃப்.எல். கம்பைனில் சேவியர் வொர்தி 2024ல் ஓடிய 4.21தான் அங்கே இதுவரையான சாதனை. அதற்கு முன் ஜான் ராஸ் 2017ல் 4.22. இவன் பதினேழு வயதில், ஸ்கூல் மைதானத்தில், அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டான். யார் அளந்தது? யாரோ ஒரு மாமா, கையில் ஸ்டாப்வாட்ச். பையன் கிளம்பியதைக் கண் பார்த்து, கட்டைவிரல் அழுத்துவதற்குள் அவன் இரண்டு எட்டு போயிருப்பான். இந்த 4.25ஐ வைத்து முக்கால் மணி நேரம் வாதம்.

எனக்கு நிஜமாகவே எரிவது வேறு இடத்தில். ரிசீவர் என்பவன் தனி ஆள் கிடையாது. அவன் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒருவன் எறிய வேண்டும், அந்த எறிபவனுக்கு முன்னால் ஐந்து பேர் நின்று நேரம் வாங்கித் தர வேண்டும், கோச் அந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாதஸ்வரக்காரரைக் கூட்டிவந்து தவிலை வீட்டிலேயே வைத்துவிட்டால் கச்சேரி நடக்குமா? இதையெல்லாம் கழித்துவிட்டு, "இவன் நல்லவனா, அவன் நல்லவனா" என்று கத்தினால் அதில் என்ன அர்த்தம்?

லூசியானா ஸ்டேட் கல்லூரியை, அதாவது எல்.எஸ்.யூ.வைப் பாருங்கள். இரண்டு ரிசீவர்கள். 2018ல் ஜஸ்டின் ஜெஃபர்சன் 54 கேட்ச், 875 யார்டு. ஜமார் சேஸ் 23 கேட்ச், 313 யார்டு. எறிந்தவர் ஜோ பரோ, மொத்தம் 16 டச் டவுன் பாஸ். அடுத்த வருஷம் அதே மூன்று பேர். பாஸ் ஆட்டத்தைத் திட்டமிட ஜோ பிரேடி என்ற கோச் வந்தார், ஆட்டத்தின் முறையே மாறியது. ஜெஃபர்சன் 111 கேட்ச், 1,540 யார்டு. சேஸ் 1,780 யார்டு. பரோ 60 டச் டவுன் பாஸ், தேசிய சாம்பியன் பட்டம். ஒரே வருஷத்தில் அவர்கள் கை நீண்டுவிட்டதா? 2018 டிசம்பரில் எங்கள் பேஸ்மென்ட் கூட்டத்திடம் கேட்டிருந்தால் சேஸை "சுமார்தான்பா" என்று ஓரம் தள்ளியிருப்பார்கள்.

அந்த ஜெஃபர்சனும் ஹைஸ்கூலில் மூன்று நட்சத்திரக்காரர். அண்ணன்கள் ஜோர்டன், ரிக்கி இருவரும் அதே எல்.எஸ்.யூ.வில் ஆடியவர்கள், தம்பியும் பின்னாலேயே வந்தார். முதல் வருஷம் ஒரு கேட்ச்கூட இல்லை. 2020 டிராஃப்ட்டில் அவருக்கு முன்னால் நான்கு ரிசீவர்களை எடுத்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து, ஆள் வைத்து, ஒவ்வொரு மேட்ச்சையும் பார்க்கிற அணிகளே 21 இடம் வரை இவரை விட்டுவிட்டன. 2022ல் லீக்கிலேயே அதிக யார்டு, 1,809. சமோசா சாப்பிட்டுக்கொண்டே நாலு நிமிஷ வீடியோ பார்த்த நமக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிடும்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் வீட்டுக் கதையே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மிஷன் ஹில்ஸ் என்ற பள்ளிக்கு ஓஹாயோ ஸ்டேட் கோச் ரயன் டே போனது பந்து எறிகிற ஒரு குவாட்டர்பேக்கைப் பார்க்க. அந்தப் பையன் எறிந்த பந்தையெல்லாம் ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான். யார் இவன் என்று விசாரித்தார்கள். அவன்தான் கிறிஸ் ஓலாவே. மூன்று நட்சத்திரம். பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைப் பிடித்துப்போன கதை. அந்த ஓலாவே 35 டச் டவுனோடு ஓஹாயோ ஸ்டேட் சாதனை வைத்து, 2022 டிராஃப்ட்டில் 11வது ஆளாகப் போனார். இதை நான் சொன்னால், "ஓலாவே விதிவிலக்கு" என்கிறார் வீட்டுக்காரர். ஜெஃபர்சன் விதிவிலக்கு. பெரிய கல்லூரி எதுவும் ஸ்காலர்ஷிப் தர முன்வராததால் ஈஸ்டர்ன் வாஷிங்டன் போய், பிறகு என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய கூப்பர் கப் விதிவிலக்கு. ஐந்து நட்சத்திரத்தோடு யு.எஸ்.சி. என்ற பெரிய கல்லூரிக்குப் போய், டிராஃப்ட்டில் 16 ரிசீவர்களுக்குப் பின்னால் எடுக்கப்பட்ட ஆமன்-ரா செயின்ட் பிரவுன் (அந்த 16 பேரையும் வரிசையாக ஒப்பிப்பார் மனிதர்) அந்தப் பக்கத்து விதிவிலக்கு. விதிதான் யாரப்பா?

"ஜெரமையா ஸ்மித்" என்றார் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2024ல் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த பையன், ஓஹாயோ ஸ்டேட்டுக்கு வந்த வருஷமே 1,315 யார்டு, 15 டச் டவுன். நோட்ர் டாம் அணிக்கு எதிரான இறுதிப் போட்டியில் தேர்டு அண்ட் 11ல் (மூன்றாவது முயற்சி, இன்னும் 11 யார்டு பாக்கி) அந்த 56 யார்டு கேட்ச். நானும் அன்றைக்குச் சோபாவில் ஏறி நின்று கத்தியவன்தான். நூறு பேரை மொத்தமாக எடுத்துக்கொண்டால் ஐந்து நட்சத்திரம் மூன்று நட்சத்திரத்தைவிட நன்றாகத்தான் ஆடுகிறது, சந்தேகமில்லை. நம் சண்டை நூறு பேரைப் பற்றியதா? ஒரே ஒரு பையனைப் பற்றி, அவன் பேரைச் சொல்லி, "இவன் தேறமாட்டான்" என்று அடித்துச் சொல்கிறோமே, அதற்குத்தான் வயிறு எரிகிறது.

அதுவும் பையன் மனசு மாறினால் முடிந்தது. வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்று சொன்ன அடுத்த நிமிஷம், நேற்று வரை "நம்ம பையன்" என்றவர்கள் "காசுக்கு விலைபோனவன்" என்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதியே வந்துவிட்டது. அதற்கு முன்னால் பல்லாண்டு காலம் கோச்சுக்கு மில்லியன், பையனுக்குச் சாப்பாடும் படிப்பும் என்றுதான் இருந்தது. அப்போது யாருக்கும் தர்மம் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு "விசுவாசம் இல்லாத பசங்க" என்று பொருமியவர் யார் தெரியுமா? ஒரு கம்பெனி ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சேருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பதினைந்தாயிரம் டாலர் அதிகம் என்று இன்னொரு கம்பெனிக்குப் போனவர். அதைச் சொன்னேன். "அது கரியர் டிசிஷன்" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஓஹாயோ பையனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஆபீஸில் கூட வேலை செய்பவர் மகன் பேண்டில் வாசிக்கிறான் என்று கூப்பிட்டார், போனேன். அலுமினிய பெஞ்ச், ஜீன்ஸ் வழியாகவே குளிர் ஏறுகிறது. பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அவனை மட்டும் பார்த்தேன். அவன் பக்கம் வந்தது மூன்று பந்து. ஒன்று தலைக்கு மேலே ஐந்து அடி. ஒன்று காலுக்கு முன்னால் தரையில். மூன்றாவதைத் திரும்பி, குனிந்து, புல்லை உரசிப் பிடித்தான். மற்ற நேரமெல்லாம் ஓடினான். பந்து வராது என்று தெரிந்தும் முழு வேகத்தில் ஓடி, காவலுக்கு நின்ற இரண்டு பேரையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். காலியான அந்த இடத்தில்தான் இன்னொருவன் இரண்டு டச் டவுன் போட்டான். ஒரு தடவை, பந்து கையில் இருக்கும் தன் ஆளுக்கு வழிவிட எதிராளியைத் தடுத்துத் தள்ளிக்கொண்டே போய் இரண்டு பேரும் தண்ணீர் மேஜைமேல் விழுந்தார்கள். எழுந்து, உருண்ட பாட்டில்களைப் பொறுக்கி வைத்துவிட்டு உள்ளே ஓடினான். இதெல்லாம் எந்த ஹைலைட்டிலும் வராது, சிவப்பு வட்டமும் கிடையாது.

இதை அன்றைக்கு பேஸ்மென்ட்டில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பையன் கட்சிக்காரர்களே கேட்கவில்லை. ஃப்ளோரிடா கட்சிக்காரர் ஒருவர் மட்டும் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அந்த மேட்ச்ல எத்தனை கேட்ச்?"

"ஒண்ணு."

"எத்தனை யார்டு?"

"பதினொண்ணு இருக்கும்."

"நான்தான் சொன்னேனே. ஓவர்ரேட்டட்."

வருகிற சனிக்கிழமை என் வீட்டு முறை. ரிமோட் என் சட்டைப் பையில் இருக்கும், வைஃபை பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. யாராவது "நாலே நிமிஷம்" என்று வாயைத் திறந்தால் அவர் தட்டில் வெறும் குஸ்கா.