டீக்கடைப் பேச்சும் கவுன்சிலிங்கும்

"பேசினா சரியாயிடுமா? அப்படின்னா காசிமேட்டுல ஒருத்தனுக்கும் வியாதியே இருக்கக் கூடாதே!" கவுன்சிலிங் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் ஏரியா டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. வடசென்னையில் பேச்சுக்கா பஞ்சம்? டீக்கடை, கேரம் கிளப், ஏலக்கூடம், தண்ணி லாரி வரிசை என்று எங்கே பார்த்தாலும் பேச்சுதான்.

பஞ்சம் கேட்பதில் இருக்கிறது. நாம் இரண்டு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் பதிலோடு தயார். "அத்த வுட்டுத் தள்ளு மச்சான்." "ஒரு குவார்ட்டர் போட்டுத் தூங்கு, சரியாயிடும்." "தர்காவுல மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிக்கோ." எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சொல்ல வந்தவன் பாதியிலேயே வாயை மூடிக்கொள்கிறான். இன்னொன்று, ரகசியம். ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாவது மாடியில் அழுதால் தண்ணி பிடிக்கிற நேரத்துக்குள் கீழ்வீட்டுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சுவர்களுக்கு நடுவில் எவன் மனம் விட்டுப் பேசுவான்?

என் பெரியம்மா மகன் ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். எழுதிக்கோ, பேர் மட்டும் போடாதே என்று சொல்லியிருக்கிறார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பைக் சறுக்கி, ஒரு பையன் பின்சக்கரத்துக்கு அருகில் விழுந்தான். கால் எலும்பு முறிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. அண்ணன் மேல் தப்பும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கேபினில் ஏறினாலே நெஞ்சு படபடப்பு, கையெல்லாம் வியர்வை. இ.சி.ஜி. நார்மல். வழக்கம்போல் எல்லோரும் கேஸ் டிரபிள் என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டில் முதலில் வந்த வார்த்தை, "கீழ்ப்பாக்கமா?" 1794-லேயே தொடங்கிய ஒரு மருத்துவமனையை நம் ஊர்க்காரர்கள் இன்னும் வசைச்சொல்லாகத்தான் வைத்திருக்கிறோம். நல்ல மரியாதை!

அங்கே நடந்ததை அண்ணன் சொன்னதுதான் என் டீக்கடைப் பெரியவருக்கான பதில். கவுன்சிலர் சின்ன வயசுப் பெண். "பயப்படாதீங்க" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லையாம். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார். இவர் சொல்லிக்கொண்டே போய், "நான் பாத்திருக்கணும்மா" என்று நிறுத்தியிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாத வாக்கியம். அந்தப் பெண் ஆறுதல் சொல்லாமல், "அப்ப உங்க கால் எங்க இருந்துச்சுண்ணே?" என்று கேட்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால், பிரேக்கில். பையன் விழுவதற்கு முன்பே வண்டியின் வேகத்தைக் குறைத்திருக்கிறார். அத்தனை நாள் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்ததில் அந்த ஒரு விஷயம் மட்டும் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அப்புறம் ஒரு நோட்டு. பயம் வரும்போது மனசில் ஓடுவதை அப்படியே எழுத வேண்டும். "மறுபடி எவனாவது வந்து விழுவான்." அதற்குப் பக்கத்தில், அது நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம், நடக்காது என்பதற்கு என்ன ஆதாரம். கூடவே படிப்படியாகப் பயிற்சி. முதலில் ரோட்டோரம் சும்மா நிற்பது. பிறகு இன்ஜின் போடாமல் கேபினில் உட்காருவது. பிறகு கிளீனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கொஞ்ச தூரம். பயப்படும் இடத்தைவிட்டு ஓட ஓட பயம் வளரும், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் தானாக இறங்கும். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிந்தனை-நடத்தை சிகிச்சை என்ற வழியில் இந்த இரண்டுக்கும் இடம் உண்டு. பேச்சு அதில் பாதிதான். மீதி வீட்டுப்பாடம்.

எல்லாம் பேச்சிலேயே தீரும் என்று நான் சொல்லவில்லை. கடுமையான மனச்சோர்வுக்கும், காதில் குரல் கேட்பது போன்ற தொந்தரவுகளுக்கும் மாத்திரை வேண்டும். சிலருக்குப் பேச ஆரம்பித்த முதல் சில வாரம் இன்னும் கனமாக இருக்கும். மைக்கைப் பிடித்து மோட்டிவேஷன் பேசுகிறவர்கள் எல்லாம் கவுன்சிலரும் இல்லை.

சரி, இத்தனை பேருக்கு டாக்டர்களுக்கு எங்கே போவது? ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் அக்கம்பக்கத்துப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மரப் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். 2016-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஆறு மாதம் கழித்தும் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் பாட்டியிடம் பேசியவர்களில் 14 பேருக்குத்தான். நம் கோவாவிலும் விக்ரம் பட்டேல் குழுவினர் மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆக, குறுக்கிடாமல் கேட்பதும் சரியான இடத்தில் சரியான கேள்வி கேட்பதும் தையல் மாதிரி ஒரு கைத்தொழில். கற்றுக்கொடுத்தால் வரும்.

நம்மிடம் ஆள் இல்லையா என்ன? 2021-லிருந்து அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையோடு வீடு வீடாக ஏறி இறங்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் எந்த வீட்டில் யார் தூங்குவதில்லை என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். முறையான பயிற்சி, கூடுதல் சம்பளம், மேலே ஒரு டாக்டரின் கண்காணிப்பு கொடுத்தால் போதும். ஓசியில் இன்னொரு வேலையைத் தலையில் கட்டக் கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. அதனால் பேச ஒரு கதவு போட்ட அறையும் வேண்டும்.

இப்போதைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசின் மனநல உதவி லைன். இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். ஆனால் நேரில் போவதென்றால் காலை ஓ.பி.தான், அண்ணனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. மீன்பாடி வண்டி ஓட்டுகிறவரும் வீட்டு வேலைக்குப் போகிற அக்காவும் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்க முடியாது. நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை கவுன்சிலிங் வையுங்கள். அடுத்த வார்டு கூட்டத்தில் இதைத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன், கையெழுத்துப் போட வருகிறவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.