தி எக்ஸ்எக்ஸ்: அடக்கி வாசித்த முதல் ஆல்பம்

முதல் ஆல்பம் போடுகிறவர்களிடம் பெரும்பாலும் ஓர் அவசரம் தெரியும். கைவசம் உள்ள வித்தை அத்தனையையும் ஒரே மூச்சில் இறக்கிவிடுவார்கள். லண்டன் குழுவான தி எக்ஸ்எக்ஸ் 2009 ஆகஸ்டில் தங்கள் பெயரிலேயே கொண்டுவந்த முதல் ஆல்பத்தில் அந்த அவசரம் துளியும் இல்லை. அப்போது அவர்களுக்கு இருபதை ஒட்டிய வயதுதான். எலக்ட்ரானிக் ஒலி லேசாகக் கலந்த, மெட்டு மனதில் நிற்கிற இண்டி பாப் (பெரிய இசை நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்த பாப் வகை) வேண்டும் என்று யார் கேட்டாலும் இன்றும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

"வெறிச்சென்று இருக்கிறது, பாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. 'கிறிஸ்டலைஸ்டு' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமி மேட்லி கிராஃப்டின் கிதார் ஒவ்வொரு சுரமாக எடுத்து வைத்து நகர்கிறது. அடியில் ஆலிவர் சிம்மின் பேஸ் கிதார். முதலில் ஒருவர் பாடுகிறார், அப்புறம் மற்றவர். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் வரியைப் பாடுகிறார்கள். மெட்டு வேறு, வார்த்தை வேறு, ஆனாலும் ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை. இரண்டு குரலும் அப்படித் தனித்தனியாகக் காதில் விழுவதற்குக் காரணம், சுற்றிலும் அவ்வளவு இடம் விட்டிருப்பதுதான். அங்கே ஒரு சின்தசைசரைப் பரப்பி நிரப்பியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

அந்த நிதானத்துக்கு நான் பெரிதும் நன்றி சொல்வது ஜேமி ஸ்மித்துக்கு. குழுவில் ஒருவரான அவர்தான் ஆல்பத்தைத் தயாரித்தவர். குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. மேடையில் ஜேமி எம்பிசி சாம்ப்ளரை, அதாவது பதிவு செய்த ஒலிகளைப் பொத்தான் தட்டி ஒலிக்கவைக்கும் கருவியை, விரலால் தட்டித்தான் தாளம் கொடுப்பார். நடன இசையில் ஊறிய கை அது. நினைத்திருந்தால் எல்லாப் பாட்டையும் பீட்டால் முழுங்கியிருக்கலாம். அவரோ பாட்டுக்குக் கீழேயே இருக்கிறார். 'ஷெல்டர்' பாட்டில் வெகுநேரம் கிதாரும் ரோமியின் குரலும்தான். 'ஃபேன்டஸி'யில் அடியாழத்து பேஸ் ஒலி காதுக்கு எட்டுவதைவிட நெஞ்சில்தான் அதிகம் அதிர்கிறது. போன் ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும், தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள்.

ரோமியும் ஆலிவரும் சின்னக் குழந்தைகளாக இருந்ததிலிருந்தே நண்பர்கள். தனித்தனியாக எழுதிய வரிகளைச் சேர்த்துத்தான் பாட்டாக்கினார்கள். காதல் பாட்டுகள்தான், ஆனால் அவன், அவள் என்று எங்கும் சுட்டுவதில்லை. அதனால் கேட்கிற யாரும் உள்ளே வந்து உட்காரலாம்.

2010-ல் பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்க்குரி விருது இதற்குக் கிடைத்தது. அதே வருடம் பிபிசி தன் தேர்தல் ஒளிபரப்புக்கு ஆல்பத்தின் தொடக்கமான 'இண்ட்ரோ'வின் இசையை எடுத்துக்கொண்டது, 2011-ல் பாடகி ரிஹானா தன் பாட்டு ஒன்றில் அதை வெட்டியெடுத்து சாம்ப்ளாக வைத்தார். சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததே.

என் ஆதங்கம் பின்னால் வந்தவர்கள் மேல். எதிரொலியும் முணுமுணுப்பும் இருந்தால் இந்த ஒலி வந்துவிடும் என்று எத்தனையோ குழுக்கள் நினைத்துவிட்டன. மெட்டை மறந்தார்கள். 'ஐலண்ட்ஸ்' பாட்டை வெறும் வாயால் முனகிப் பாருங்கள், நிற்கும். அவர்களுடையது நிற்காது. 2012-ல் வந்த இதே குழுவின் இரண்டாவது ஆல்பம் 'கோஎக்ஸிஸ்ட்' கூட எனக்கு இந்த விஷயத்தில் ஒரு படி கீழேதான்.

புதிதாகக் கேட்கிறவர்கள் ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகப் போங்கள். பதினொரு பாட்டு, மொத்தம் நாற்பது நிமிடம்கூட இல்லை.